மாதப்பன் அறுத்த முடிச்சு

காலை எட்டேகாலுக்கு மாரமங்கலம் பஸ் ஏற்காட்டுக்குள் நுழையும்போது மாதப்பன் கையில் எந்த வேலை இருந்தாலும் அது அப்படியே நிற்கும். பழைய பல் பிரஷ்ஷால் தகர ரயிலின் புகைபோக்கியைத் துலக்கிக்கொண்டிருந்தால் பிரஷ் அதற்குள்ளேயே கிடக்கும். கடை வாசலில் ஆள் நின்றால் அவரும் நிற்க வேண்டியதுதான். செருப்புகூட மாட்டாமல் ரோட்டைத் தாண்டிப் போய், பின்பக்கப் படிக்கட்டு ஓரமாக நின்று, கண்டக்டர் வேலுசாமி இறங்கும்வரை காத்திருப்பார்.

"ஏனுங்க, ஊருல எல்லாம் சொகந்தானுங்களா?"

"சொகந்தானுங்ணா."

"அந்தப் புள்ள?"

"நேத்து சாயங்காலம் தண்ணிக்கொடத்தோட போச்சுங்ணா. இந்தக் கண்ணால பாத்தேன்."

அதைக் கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு ஒழுங்காக வரும். திரும்பி வந்து, காத்திருந்தவரிடம் "மன்னிச்சுக்கோங்க, எது வேணுமுங்க?" என்பார். அந்தப் பதில் வராமல் அவர் ஒரு சோழியைக்கூட விற்றதை நான் பார்த்ததில்லை. வேலுசாமிக்கு ஏழு வருஷமாக இதே கேள்விதான். முதலில் சிரித்தாராம், பிறகு எரிச்சல்பட்டாராம். இப்போது தினமும் மாரமங்கலத்தில் அந்தப் பிள்ளையைக் கண்ணால் ஒரு தடவை பார்த்துக்கொள்வது அவருக்கும் வேலையில் ஒன்றாகிவிட்டது. மாதப்பனுக்கு அந்தப் பிள்ளை சொந்தமா என்றால், இல்லை. அவர் அவளைப் பார்த்ததே ஒரே ஒரு தடவை.

கடை, ஏரிக்குப் போகிற வழியில், டீக்கடைக்கும் தேன் விற்கும் கடைக்கும் நடுவில் செருகினாற்போல இருக்கும். விற்பது பழைய பொம்மைகள். வெள்ளைக்கார துரைமார் எஸ்டேட்டுகளை விற்றுவிட்டுக் கப்பலேறியபோது பங்களாப் பரண்களில் விட்டுப்போனவை ஏராளம். சாவி கொடுத்தால் ஓடும் ரயில், மத்தளம் அடிக்கும் குரங்கு, வரிசையாக நிற்கும் மரச் சிப்பாய்கள். பங்களாவைக் கூட்டிப் பெருக்கியவர்கள் கையில் அவை வந்து, மலையில் நாற்பது ஊர்க் குடிசைகளுக்குள் போய்ச் சேர்ந்தன. மாதப்பன் அவற்றைத் தேடிப் பிடித்துத் துலக்கி வைப்பார். பெங்களூரிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் சில பெரிய மனிதர்கள் இதற்கென்றே மலையேறி வருவார்கள். அறுபது வயதில் ஒரு தகரக் குரங்குக்காகக் கண்கலங்குகிற மனிதர்களை அந்தக் கடையில்தான் பார்க்கலாம்.

மாதப்பன் சேலம் செவ்வாய்பேட்டைக்காரர். ஒரு ஹோட்டலில் ஸ்டோர் கீப்பராக மலையேறியவர், இறங்கவே இல்லை. ஒல்லி உடம்பு, கம்பளி மப்ளர், மண்ணெண்ணெய் வாசம். பயந்த சுபாவி. அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம், பனி இறங்கினால் எதிரே வருகிறவர்களுக்குப் பயம். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே" என்று நான் சீண்டினால், "இருண்டா பேய்தானுங்களே?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்.

வியாபாரத்திலும் அந்தப் பயம் உண்டு. பொருளின் பெருமையைச் சொல்லுமுன் குறையைச் சொல்லிவிடுவார். "இந்தக் கொரங்குக்கு இடது குச்சி புதுசுங்க, சைக்கிள் கம்பில நாந்தான் பண்ணிப் போட்டன். சாவி வேற பொம்மையோடதுங்க. முதுகுல ஒரு துளி பெயிண்டு எங்கையி." வாங்க வந்தவர் பாதி மனசு விட்டுப்போன பிறகுதான் "ஆனா அடிக்கும் பாருங்க, நொம்ப ஜோரா!" என்று சாவி கொடுப்பார். ஒரு ரயில் பெட்டியின் சக்கரங்கள் நாலும் அசல் என்று சொல்லி மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டு, ஐந்து மாதம் கழித்து சாக்குக்குள் அசல் சக்கரம் ஒன்று கிடைத்ததும், மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல், அதைப் பஞ்சில் பொதிந்து மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் அனுப்பிய ஆசாமி. அப்படிப்பட்டவருக்குத்தான் எண்பதாம் வருஷம் அது நடந்தது.

மூன்று வருஷமாக, நான் ஏற்காடு போகும்போதெல்லாம், துண்டு துண்டாக அவர் எனக்குச் சொன்னது இது. மாரமங்கலத்திலிருந்து சித்தன் என்கிறவன் ஒரு சிவப்புத் தகரக் கார் கொண்டுவந்தான். உள்ளங்கை நீளம். டிரைவர் பொம்மைக்குத் தலை இல்லை. மற்றபடி பழுதில்லாத சாமான். சித்தன் வருஷத்தில் பாதி நாள் குடகில் காப்பி எடுக்கப் போகிறவன். ஊர் திரும்பி, மனைவி பிறந்த வீடு போயிருந்த நேரத்தில் கூரை வேய்ந்தபோது, அடுப்புக்கு மேலே கூரைக்குள் செருகியிருந்த இந்தக் கார் கிடைத்ததாம். மகள் இதை வைத்து விளையாடுவதே இல்லை. அவளுக்கு ஒரு நல்ல பொம்மை வேண்டும் என்றான். மாதப்பன் காருக்குப் பதிலாக, படுக்க வைத்தால் கண்ணை மூடும் பெரிய பொம்மை ஒன்றைக் கொடுத்தார். மகள் முகத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டே போனான் சித்தன்.

கார் முழுக்க ஒரே புகைக்கரி. பின் அச்சில் ஒரு கந்தல் இறுகக் கட்டியிருந்தது, அதுவும் கரியாய்க் கறுத்திருந்தது. சக்கரம் ஆடாமல் இருக்க யாரோ கட்டியது என்று மாதப்பன் நினைத்தார். கத்தரிக்கோலால் நறுக்கி, குப்பையில் போட்டார். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்ததும் கார் செக்கச்செவேல் என்று எழுந்து வந்தது. அந்த வாரமே பெங்களூர் இன்ஜினீயர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு விடமாட்டேன் என்றார். பதிலுக்கு ஒரு தகரக் கப்பல் தந்தார். சாவி கொடுத்துத் தண்ணீரில் விட்டால் தானே ஓடும் கப்பல். மாதப்பன் சின்ன வயசில் ஒரு முறை பார்த்து, அன்றுமுதல் ஆசைப்பட்டது. வழக்கம்போலக் காரின் குறைகளையெல்லாம் ஒப்பித்தார். தனக்குத் தெரிந்த குறைகளை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆராயி வந்தாள். சித்தனின் மனைவி. கையில் துணியால் சுற்றிய ஒரு மூட்டை. மேஜைமேல் வைத்துத் துணியை விலக்கினாள், அந்தப் பெரிய பொம்மை. படுத்ததும் அதன் கண்கள் மூடிக்கொண்டன. ஆராயி இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரரு குடுத்த காரு எங்கீங்க? அது பொம்ம இல்லீங்க. சாமிக்கு முடிஞ்சு வெச்சதுங்க."

மகள் ராசாத்திக்கு மூன்று வயசில் காய்ச்சலும் வலிப்பும் வந்திருக்கிறது. சித்தன் குடகில் இருந்தான். பிழைக்காது என்று பார்த்தவர்கள் எல்லாரும் கையை விரித்த நேரத்தில், ஆராயி பிள்ளையின் கையிலிருந்த காரைப் பிடுங்கி, மஞ்சள் துணியில் காசு வைத்து அதன் அச்சில் முடிந்து, "சேர்வராயா, புள்ளயக் குடு, அவ உசிரா வெச்சிருந்தத உங்காலடியில கொண்டாந்து வெக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. முதல் வருஷத் திருவிழாவுக்குத் தீட்டு வந்து போக முடியவில்லை. மறுவருஷம் பேறுகாலம். அடுப்புப் புகையில் மஞ்சள் கறுத்துப்போயிற்று. கட்டியவளுக்குத்தான் அது முடிச்சு, மற்றவர் கண்ணுக்குக் கந்தல். பிறந்த வீட்டிலிருந்து அவள் திரும்பியபோது கார் இல்லை, வீட்டுக்குள் கண்ணை மூடுகிற பொம்மை ஒன்று பிள்ளை பக்கத்தில் படுத்திருந்தது. இரண்டே நாளில் ராசாத்திக்கு மறுபடி காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள். பிள்ளை கண் திறக்கவில்லை.

இந்த இடம் வரும்போதெல்லாம் மாதப்பன் தன் வலது கையை உயர்த்தி எனக்குக் காட்டுவார். "அந்தக் கந்தல் கனமா இருந்துச்சுங்க. கந்தல் எங்காவது கனக்குமுங்களா? கையி கேட்டுது. நாங்கேக்கல."

மஞ்சள் துணியில் காசு முடிவது சேலம் ஜில்லாவில் பிறந்த எவருக்கும் தெரியும். அவருடைய தாயாரே அவருக்காக நாலு முடிச்சு முடிந்தவர். குப்பைக் குழியைக் கையாலேயே கிளறினார். குப்பை வண்டி வந்து போய் நாலு நாள் ஆகியிருந்தது. டீக்கடைக்காரர் புத்தி சொன்னார்: "மாத்துனது மாத்துனபடி. புருசன்தான கொண்டாந்து குடுத்தான்? அவங்கூட்டுச் சண்டைல உனக்கென்ன வந்துது?" நியாயமான பேச்சுத்தான். நானாக இருந்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பேன். மாதப்பன் கப்பலைத் துண்டில் சுற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மலையிறங்கிவிட்டார். தர்மபுரி தாண்டி அறியாத மனிதர். பெங்களூரில் விலாசச் சீட்டை வைத்துக்கொண்டு மறுநாள் மத்தியானம்வரை அலைந்து வீட்டைக் கண்டுபிடித்தார்.

கப்பலை மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னார். இன்ஜினீயர் படித்தவர், கோபப்படவில்லை. "கார்ல ஏதாவது மறைச்சீங்களா?"

"இல்லீங்க."

"தெரியாம நடந்தது எப்படிங்க உங்க தப்பாகும்?"

"நெருப்பத் தெரியாம தொட்டா சுடாதுங்களா? பொய் சொல்லலீங்க. ஆனா எனக்குச் சொந்தமில்லாதத எடுத்து உங்களுக்குக் குடுத்துப்போட்டனுங்க."

இன்ஜினீயர் மூட நம்பிக்கையைப் பற்றி நிதானமாக விளக்க ஆரம்பித்தார். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி குறுக்கே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் கொழந்தைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"நாங் கெளம்பறப்ப கண்ணத் தொறக்கலீங்கம்மா."

அந்த அம்மாள் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். காரைக் கையால் தொடவில்லை, முந்தானையைப் போட்டு எடுத்து மாதப்பன் துண்டில் வைத்துவிட்டு, "ராத்திரி இது இங்க இருக்கவேண்டாம்" என்றார். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். இன்ஜினீயரின் விளக்கம் அந்த இடத்தோடு நின்றுபோனது.

மறுநாள் பகல், மாரமங்கலத்தில் இறங்கிக் கரட்டு வழியில் நடந்தபோதுதான் மாதப்பனுக்கு உயிர் போய் வந்தது. பகலிலேயே பனி இறங்கியிருந்தது. எதிரே பத்தடி தெரியாது. குடிசைகள் இருக்கும் பக்கமிருந்து, தொம், தொம் என்று ஒரே சீராக ஒரு சத்தம். சாவுப் பறை என்று நினைத்தார். காரை மடியில் வைத்துக்கொண்டு வழியிலேயே ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. சத்தத்தோடு அழுகை சேர்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டபடியே இருந்திருக்கிறார். அப்புறம் விறகுக்கட்டோடு வந்த ஒருத்தி, "ஏனுங்க, இப்படிக் குந்தியிருக்கீங்க?" என்று கேட்க, இவர் சத்தம் வரும் திசையைக் கைகாட்ட, "சாமை குத்தறாங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

வீட்டில் ராசாத்தி கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் காலையிலேயே காய்ச்சல் விட்டிருந்தது. அப்போது மாதப்பன் பெங்களூரில் வழி விசாரித்துக்கொண்டிருந்தார், கார் இன்னும் இன்ஜினீயர் அலமாரியில்தான் இருந்தது. இதை நான் சுட்டிக்காட்டாமல் இருப்பேனா? "அப்படியானால் குணமாக்கியது ஊசிதானே?" என்றேன். "அது டாக்டருக்குத் தெரியுமுங்க" என்றார். "எனக்கு என்ற கையி பண்ணுனது மட்டுந்தானுங்க தெரியும்."

ஆராயி காரை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். அச்சு வெறுமையாக மின்னியது. "முடிச்சு எங்கீங்க?" என்றாள். மாதப்பன் சொன்னார். நறுக்கியதை, கனத்ததை, போட்டதை, எதையும் விடாமல். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தார். ஏசியிருந்தால் அவருக்குப் பாரம் குறைந்திருக்கும். அவள் உள்ளே போய், மஞ்சளில் நனைத்த துணிக்கிழிசல் ஒன்றைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

"அவுத்த கையிதானுங்களே முடியோணும்."

மாதப்பன் சட்டைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்து முடிந்தார். மூன்று முறை அவிழ்ந்ததாம். கடைசியில் நின்றது. ஆராயி அதை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: "இனி இந்தப் புள்ளைக்கு நீங்களும் முடிஞ்சவருங்க."

அந்த வைகாசித் திருவிழாவிலேயே கார் சேர்வராயன் குகைக் கோயிலுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. வேண்டுதல் தீர்ந்தது. ஆராயிக்கு அதோடு சரி, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். மாதப்பனுக்குத்தான் தீரவில்லை. தான் முடிந்த முடிச்சு சரியான முடிச்சா, மனசாரப் போட்டதா, பயத்தில் போட்டதா என்று அவருக்குச் சந்தேகம். பயத்தில் போட்ட முடிச்சைச் சாமி கணக்கில் எடுத்துக்கொள்ளுமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார். நான் என்ன கண்டேன்? அன்றுமுதல் ஆரம்பித்ததுதான் பஸ் விசாரணை. ஊருக்குப் போய் நேரில் பார்த்துவிட்டு வரலாமே என்றால், "போற வழில மறுபடி அந்தச் சத்தங் கேட்டுதுன்னா?" என்பார்.

கடையிலும் எல்லாம் மாறிப்போனது. ஆண்பிள்ளை யாராவது பொம்மை கொண்டுவந்தால் முதல் கேள்வி: "ஊட்டுல பொம்பளைங்களுக்குத் தெரியுமுங்களா?" வந்தவன் முறைப்பான். தெரியாது என்றால் வாங்கமாட்டார். பொம்மையில் ஒட்டியிருக்கும் நூல், நாடா, துணி எதையும் இப்போது அறுப்பதில்லை. கரடியூரிலிருந்து வந்த மரக்குதிரை ஒன்றின் கழுத்தில் சணல் கயிறு இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாக ஒரு மெட்ராஸ்காரர் நாலு தடவை வந்துவிட்டார். குதிரை கயிறோடு அலமாரியிலேயே நிற்கிறது.

பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்லியிருக்கிறேன், முகத்துக்கு நேராகவே. மலையில் இருக்கிற பிள்ளைக்குச் சளி பிடிக்கும், காய்ச்சல் வரும், போகும், இவர் என்ன காவலா? ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். இந்த ஜூன் மாதம் நான் போயிருந்தபோது விடாத மழை. வாழவந்திப் பக்கம் மரம் சாய்ந்து ரோடு அடைபட்டு, மாரமங்கலம் பஸ் இரண்டு நாள் வரவில்லை. மாதப்பன் இரண்டு நாளும் கடையில் ஒரு பலகையைத்தான் திறந்தார். யாருக்கும் எதுவும் விற்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பஸ் ஹாரன் கேட்டது. அவருக்கு முன்னால் நான் ரோட்டைத் தாண்டியிருந்தேன்.

வேலுசாமி இறங்கினார். மாதப்பன் கேட்டார். கண்டக்டர் வழக்கமான பதிலைச் சொல்லாமல், பின்னால் திரும்பிப் பார்த்தார். மாதப்பனின் கை பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

ஆராயி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் நீலப் பாவாடையும் புதுத் தகரப் பெட்டியுமாக ஒரு பெண். பன்னிரண்டு வயசு இருக்கும். இரட்டைச் சடை, மழையில் நனைந்த நெற்றி.

"இவருதான் கண்ணு" என்றாள் ஆராயி.

அந்தப் பெண் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதைப்போல நேராக நின்று சொன்னாள்: "தெனமும் என்னயக் கேக்கறீங்களாமா. நா நல்லாத்தானுங்க இருக்கறேன். இன்னீலருந்து சேலத்துல ஆஸ்டல்ல சேரப் போறேன். இனி நீங்க பஸ்ல கேக்க வேண்டாமுங்க."

ஆராயி சிரித்தாள். வேலுசாமியும் சிரித்தார், ஏழு வருஷ வேலை தீர்ந்த சிரிப்பு. நான் மாதப்பனைப் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்த பயத்தை இதற்கு முன் நான் கண்டதில்லை. சேலத்தில் எத்தனை தெரு, எத்தனை பஸ்! இனி யாரை நிறுத்தி யாரைக் கேட்பார்?

"சேலத்துல வெயிலு நொம்ப, சாமி" என்றார். அவ்வளவுதான் வந்தது. மண்ணெண்ணெய்க் கையை வேட்டியில் இரண்டு முறை அழுத்தித் துடைத்தார். பிறகு புறங்கையைத் திருப்பி, சூடு பார்ப்பதுபோல அவள் கழுத்தடியில் வைத்தார். அங்கேயே வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.